கழுவி வைத்த சிப்ஸ் கவர் எங்கே போகிறது?

கேள்வி சுருக்கமாக இது. பெங்களூரு அல்சூரில் வசிக்கும் ஒரு சகோதரி, மூன்று ஆண்டுகளாகச் சிப்ஸ் கவர், பிஸ்கட் கவர், ஷாம்பு சாஷே, மசாலாத் தூள் உறை என எல்லாவற்றையும் கழுவி, கொடியில் உலர்த்தி, வெள்ளைப் பையில் சேர்த்துக் குப்பை வண்டிக்குக் கொடுத்து வருகிறார். சென்ற மாதம் வண்டியில் வரும் தொழிலாளி, "இதையெல்லாம் யாரும் வாங்குறதில்ல அக்கா, பால் கவரும் பாட்டிலும்தான் போகும்" என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த அவருடைய பத்து வயது மகன், "அப்புறம் ஏம்மா இதைக் கழுவுறோம்?" என்று கேட்டிருக்கிறான். உறையின் பின்புறத்தில் அம்புக்குறி முக்கோணம் இருக்கிறதே, அது பொய்யா? எங்கேயும் போகாது என்றால் மொட்டை மாடியிலேயே எரித்துவிட்டால் என்ன? இவைதாம் அவர் கேட்டவை.

அன்புள்ள சகோதரிக்கு, அந்தத் தொழிலாளி உங்களிடம் சொன்னது பெரும்பாலும் உண்மை. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் மூன்று ஆண்டுகளாகச் செய்தது வீண் வேலை அல்ல என்பதும் உண்மை. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்பதை விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நான் பாலிமர் தொழில்நுட்பம் படித்தவன். இந்த நகரத்தில் முதலில் ஒரு மறுசுழற்சி ஆலையில் வேலை செய்து, பிறகு பல ஆண்டுகளாக டிரை வேஸ்ட் சென்டர்களோடு, அதாவது உலர்ந்த குப்பையை வாங்கிப் பிரிக்கும் வார்டு மையங்களோடு, சேர்ந்து இயங்கி வருகிறேன். உங்கள் மகன் கேட்ட கேள்வியை நானும் அந்தச் சென்டர்களில் பலமுறை கேட்டிருக்கிறேன்.

சென்டரின் பிரிக்கும் மேசையிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் வெள்ளைப் பை அங்கே கொட்டப்படும்போது, அதைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் பெண்கள் கண்ணை மட்டும் நம்புவதில்லை. விரலால் கசக்கிப் பார்க்கிறார்கள், இழுத்துப் பார்க்கிறார்கள், காதால் கேட்கிறார்கள். மெதுவாக நீண்டு கொடுப்பது எல்.டி.; மொறமொறவென்று ஒலிப்பது எச்.எம். (இரண்டும் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கின் வகைகள்); வளைத்தால் படக்கென்று உடைவது கடக். பால் கவருக்கு ஒரு சாக்கு, எண்ணெய் கவருக்கு ஒரு சாக்கு, தண்ணீர் பாட்டிலுக்கு ஒன்று, அதன் மூடிக்கு ஒன்று. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்து இருபது ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கும் ஓர் அம்மா, நான் கல்லூரியில் கருவி வைத்து அடையாளம் காணக் கற்றதைத் தம் கட்டைவிரலால் கண்டுபிடித்துவிடுவார். அவர் கையில் சிப்ஸ் கவர் பட்டதும் அது பின்னால் இருக்கும் பெரிய குவியலுக்குப் பறந்துவிடும். விலை இல்லாதவற்றின் குவியல் அது. சென்டரில் மிக வேகமாக வளர்வதும் அந்தக் குவியல்தான்.

அந்த உறை ஏன் விலை இல்லாமல் போகிறது? அதைக் கையில் எடுத்து ஓரத்தை மெல்லக் கிழித்துப் பாருங்கள். ஒரே தாள் போலத் தெரிவது பல தாள்கள் ஒட்டப்பட்டது என்பது தெரியும். வெளிப்புறம் அச்சிடுவதற்கு வாகான விறைப்பான பாலியெஸ்டர் அல்லது பாலிபுரொப்பிலீன், அதன் அடியில் மை, அதற்கடியில் பசை, பிறகு அலுமினியம் பூசிய இன்னொரு படலம், உட்புறத்தில் சூடு காட்டினால் ஒட்டிக்கொள்ளும் பாலிஎத்திலீன். அந்த அலுமினியப் பூச்சு நம் தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு வேலை உண்டு. பாலிஎத்திலீன் ஈரத்தைத் தடுக்கும், ஆனால் ஆக்சிஜனை உள்ளே விட்டுவிடும். பாலியெஸ்டர் ஆக்சிஜனை ஓரளவு தடுக்கும், ஆனால் எளிதில் ஒட்டாது. அலுமினியம் காற்று, ஈரம், வெளிச்சம் மூன்றையும் தடுக்கும். எண்ணெயில் பொரித்த பண்டம் சிக்கு வாடை அடிக்காமல் மாதக்கணக்கில் கடை வாசலில் தொங்க வேண்டும் என்றால் இவை எல்லாம் சேர்ந்தாக வேண்டும்.

ஆக, இந்த உறை அறியாமையால் செய்யப்பட்டதன்று. மிகக் குறைந்த பிளாஸ்டிக்கில் மிகுந்த பாதுகாப்பு தரும் நுட்பமான பொருள் அது. ஒட்டுவதற்கு இவ்வளவு அறிவைச் செலவிட்டவர்கள், பிரிப்பதைப் பற்றி எண்ணவே இல்லை என்பதுதான் என் மனக்குறை.

இந்த உறைகளை மொத்தமாகப் போட்டு உருக்கினால் என்ன ஆகும் என்று பலர் கேட்கிறார்கள். பாலிஎத்திலீன் 110 முதல் 130 பாகை செல்சியஸ் சூட்டில் உருகும். பாலிபுரொப்பிலீனுக்கு ஏறத்தாழ 165 பாகை வேண்டும். பாலியெஸ்டர் 250 பாகைக்கு மேல்தான் இளகும். குறைந்த சூட்டில் வைத்தால் பாலியெஸ்டர் துணுக்குகள் பாகில் கிடக்கும் மணல் போல உருகாமல் நின்று, இயந்திரத்தின் வடிகட்டியை அடைக்கும். சூட்டை ஏற்றினால் எல்லாம் உருகும். ஆனாலும் ஒன்றோடொன்று கலக்காது. எண்ணெயும் தண்ணீரும் போலத் தனித்தனித் துளிகளாகவே நின்று, ஆறிய பிறகு அந்த எல்லைக்கோடுகளிலேயே பிளந்துகொள்ளும். அதிலிருந்து வரும் குருணையை, தொழிலில் தானா என்பார்கள், எந்த வாளி செய்பவரும் வாங்க மாட்டார். வாங்கினால் வாளியின் காது முதல் வாரத்தில் ஒடியும். நந்தினி பால் கவரின் கதை வேறு. அது முழுவதும் பாலிஎத்திலீன்தான். அதனால்தான் அதைக் கழுவி, அரைத்து, உருக்கிக் குருணையாக்க மைசூர் சாலை நாயண்டஹள்ளியில் பட்டறைகள் இருக்கின்றன. ஜாலி மொஹல்லாவின் குஜரி (பழைய பொருள்) கடைக்காரர்கள் அதற்குப் பணம் கொடுக்கிறார்கள். பால் கவரும் சிப்ஸ் கவரும் உங்கள் வீட்டில் ஒரே கூடையில் விழுந்தாலும், அவற்றின் விதி அவை செய்யப்பட்ட ஆலையிலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

இனி முக்கோணம். அந்தக் குறிக்குள் இருக்கும் எண், உறை எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதை மட்டுமே சொல்கிறது. 1 என்றால் பெட் பாட்டில், 2 என்றால் எச்.டி. (அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன்), 3 பி.வி.சி., 4 எல்.டி., 5 பாலிபுரொப்பிலீன், 6 பாலிஸ்டைரீன். 7 என்றால் இவற்றில் எதுவுமில்லை, அல்லது பலவும் கலந்தது என்று பொருள். பெரும்பாலான அடுக்கு உறைகளில் நீங்கள் காண்பது 7. "இது மறுசுழற்சி ஆகும்" என்று அந்த முக்கோணம் எங்கும் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் அம்புகள் ஒன்றையொன்று துரத்தும் அந்த வடிவத்தைப் பார்க்கும் எவருக்கும் அப்படித்தான் தோன்றும். அதற்காக உங்களை நீங்கள் நொந்துகொள்ள வேண்டாம்.

வேதியியலைப் போலவே முக்கியமான இன்னொரு காரணம் எடை. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் 20 முதல் 25 கிராம் இருக்கும். குப்பை பொறுக்கும் ஒருவர் நாற்பது, ஐம்பது முறை குனிந்தால் ஒரு கிலோ சேர்ந்துவிடும். வெற்று ஷாம்பு சாஷே ஏறத்தாழ ஒரு கிராம். அதில் ஒரு கிலோ சேர்க்க ஆயிரம் முறை குனிய வேண்டும். ஆயிரம் முறை குனிந்து எடுத்ததற்கு விலையும் இல்லை என்றால், அதைத் தெருவில் விட்டுச் செல்பவரை யார் குறை சொல்ல முடியும்? நம் நாட்டில் பெட் பாட்டில் பெருமளவு திரும்பப் பெறப்படுகிறது என்றால் அதற்குக் காரணம் அந்த எடையும் விலையும் தருகிற கூலி. சட்டமும் விழிப்புணர்வும் அதற்குப் பிறகுதான். கூலி இல்லாத பொருள் மண்ணில் கிடக்கும்.

சாஷே என்று எழுதும்போது கடலூரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. சிறு உறைகளில் பொருள்களை அடைத்து ஏழை எளியவருக்கும் எட்டும் விலையில் விற்கலாம் என்ற எண்ணத்தை அங்கே முன்னெடுத்தவர் சின்னி கிருஷ்ணன். அவருடைய மகன் சி. கே. ரங்கநாதன் 1983-ல் தொடங்கிய சிக் ஷாம்பு அந்த எண்ணத்தைக் கிராமம் கிராமமாகக் கொண்டு சென்றது. தினக்கூலி பெறுபவர் முழுப் பாட்டில் வாங்கப் பணம் சேரும்வரை காத்திராமல் அன்றன்றைக்கு வேண்டியதை வாங்க அது வழி செய்தது. அந்த நன்மையை நான் மறுக்க மாட்டேன். ஆனால் இன்று பெங்களூரின் ராஜகாலுவே எனப்படும் மழைநீர்க் கால்வாய்களில் மழைக்கு அடித்துச் செல்லப்படும் சாஷேக்கள் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வழியாகத் தென்பெண்ணையில் இறங்குகின்றன. அந்த ஆறு ஓசூர் கெலவரப்பள்ளி அணையைத் தாண்டி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் வழியாகச் சென்று கடலைச் சேருமிடம் கடலூர். வழியில் எத்தனை வயல், எத்தனை மடை! நாம் இங்கே கால்வாயில் விடுவது, ஊரில் நம் சித்தப்பா, மாமா வீட்டு நிலத்துக்குப் பாயும் தண்ணீரில்தான் கலக்கிறது.

விலை இல்லாத அந்தக் குவியலுக்கு இப்போது இருக்கும் வழிகளைப் பார்ப்போம். முதலில் நினைவுக்கு வருவது பிளாஸ்டிக் சாலை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் ஆர். வாசுதேவன் உருவாக்கிய முறை அது. அதற்காக அவருக்கு 2018-ல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. அந்த முறை எளிமையானது. ஜல்லியை ஏறத்தாழ 160, 170 பாகைக்குச் சூடாக்கி, அதன் மேல் துருவிய பிளாஸ்டிக்கைத் தூவினால் ஒவ்வொரு கல்லின் மீதும் மெல்லிய படலம் பூசிக்கொள்ளும். பிறகு தாரை ஊற்றிக் கலக்கினால் தார் கல்லை விடாமல் பற்றும், தண்ணீர் இடையில் புகாது. தாரின் எடையில் ஏறத்தாழ 8 சதவீதம் வரை பிளாஸ்டிக் சேர்க்கலாம். ஒற்றைத் தடச் சாலையில் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டன் பிளாஸ்டிக் செலவாகும். பெங்களூரில் 2000-களின் தொடக்கத்திலேயே இத்தகைய சாலைகள் போடப்பட்டன. 2015 நவம்பரில் மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம், ஐந்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் தார்ச்சாலை போடுபவர்கள் கழிவுப் பிளாஸ்டிக்கைச் சேர்க்க வேண்டும் என்றும் அறிவுறுத்தியது.

நம் மதுரையில் பிறந்த முறை என்பதில் எனக்கும் பெருமைதான். ஆனாலும் உங்களிடம் அதன் எல்லையைச் சொல்ல வேண்டும். 170 பாகையில் பாலியெஸ்டர் உருகாது. ஆகவே பாலியெஸ்டர் அடுக்கு உள்ள உறை அங்கே முழுமையாகக் கரைந்து பூசிக்கொள்ளாது. பி.வி.சி. கலந்தால் சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடு வெளிவரும். வேலையாட்களின் மூச்சுக்கு அது ஆகாது. எனவே சாலைக்கும் பிரித்தெடுத்த, உலர்ந்த, மண் இல்லாத பிளாஸ்டிக்தான் வேண்டும். கலவை ஆலை நடத்துபவருக்கோ நேரம் பணம். பிரித்துத் துருவிக் கொண்டுபோய்க் கொடுக்கும் செலவை யார் ஏற்பது என்ற இடத்தில் பல ஒப்பந்தங்கள் நின்றுபோவதை நான் பார்த்திருக்கிறேன். சாலை தேயும்போது நுண்துகள்கள் எவ்வளவு வெளியேறும் என்பதும் அக்கறையோடு அளந்து பார்க்க வேண்டிய விஷயம்.

அடுத்த வழி சிமெண்ட் சூளை. சென்டரில் கட்டுகளாக அழுத்தப்பட்ட சிப்ஸ் கவர்கள் எங்கேனும் போகின்றன என்றால் பெரும்பாலும் அங்கேதான் போகின்றன. சூளைக்குள் தீயின் வெப்பம் 2,000 பாகையை நெருங்கும். உள்ளிருக்கும் பொருள் 1,450 பாகை வரை சூடாகும். சாதாரண நெருப்பில் பிறக்கும் நச்சுப் பொருள்கள் அந்தச் சூட்டில் நிலைக்காமல் சிதைந்துவிடும். சாம்பலைத் தனியே கொட்டவும் இடம் தேட வேண்டியதில்லை. உறையிலிருந்த அலுமினியம் அலுமினாவாக மாறிச் சிமெண்டின் பகுதியாகிவிடும். பிளாஸ்டிக்கின் எரிதிறன் நம் நாட்டு நிலக்கரியைவிட அதிகம் என்பதால் அந்த அளவுக்கு நிலக்கரியும் மிச்சமாகும். மறுசுழற்சி ஆகாத உறைக்கு இன்றைய நிலையில் இதைவிடக் குறைந்த தீங்கு உள்ள முடிவு எனக்குத் தெரியவில்லை. ஆயினும் இதை மறுசுழற்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பொருள் போய்விடுகிறது, புகைபோக்கியின் வழியே கரியமில வாயு எஞ்சுகிறது. நிலத்துக்கடியிலிருந்து எடுத்த எண்ணெயைச் சில வாரம் உறையாக வைத்திருந்து பிறகு எரிக்கிறோம் என்பதுதான் இதன் நேரான விளக்கம்.

சூளைக்காரர்களுக்கும் நிபந்தனைகள் உண்டு. பி.வி.சி.யிலிருந்து வரும் குளோரின் சூளையின் மேற்பகுதிக் குழாய்களில் உப்பாகப் படிந்து அடைத்துவிடும். ஒருமுறை அடைத்தால் ஆலையையே நிறுத்தித் தட்டி எடுக்க வேண்டும். ஈரமும் ஆகாது. பெங்களூருக்கு அருகில் பெரிய சூளைகளும் இல்லை. கலபுரகிப் பக்கமோ அரியலூர்ப் பக்கமோ, எங்கே அனுப்பினாலும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் லாரி ஓட வேண்டும். பஞ்சு போன்ற இந்தச் சரக்கை இறுக்கிக் கட்டாக்காமல் அனுப்பினால் லாரி காற்றைத்தான் சுமந்து போகும். வாடகையை யார் கொடுப்பது? பல மாதங்கள் பணம் வராமல் கட்டுகள் கூரை வரை அடுக்கப்பட்டு, அதற்கு நடுவே பெண்கள் உட்கார்ந்து வேலை செய்த ஒரு சென்டரை நான் நேரில் அறிவேன். தீப்பொறி ஒன்று விழுந்தால் என்ன ஆகும் என்ற அச்சத்தில் அந்தக் கோடை முழுவதும் எங்களுக்குத் தூக்கம் இல்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காற்றில்லாமல் சூடாக்கிப் பிளாஸ்டிக்கை எண்ணெயாக்கும் பைராலிசிஸ் முறை பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன் போன்றவற்றுக்கு ஓரளவு பொருந்தும், பாலியெஸ்டரும் பி.வி.சி.யும் கலந்த அழுக்குக் குவியலுக்குப் பொருந்தாது. உறைகளைத் துருவிச் சூட்டில் அழுத்திப் பலகை செய்யலாம். பலகைக்கு வாங்குபவர் குறைவு, பலகை உடைந்தால் மீண்டும் அதே கேள்வி. பெங்களூருக்கு அருகே பிடதியில் குப்பையிலிருந்து மின்சாரம் எடுக்கும் 11.5 மெகாவாட் நிலையம் வந்திருக்கிறது. சூளையைப் போல அங்கேயும் நடப்பது எரிப்புதான், ஆனால் அதன் சாம்பலைத் தனியே கையாள வேண்டும்.

மாடியில் எரிக்கலாமா என்ற கேள்விக்கு, தயவுசெய்து வேண்டாம் என்பதே என் பதில். திறந்த வெளித் தீ சூளையின் வெப்பத்துக்கு அருகில்கூட வராது. அரைகுறையாக எரியும் பிளாஸ்டிக்கிலிருந்து கரும்புகையும், நுரையீரலின் ஆழம்வரை செல்லும் நுண்துகளும் வெளிவரும். குளோரின் உள்ள பொருள் அதில் ஒன்று இருந்தாலும் டையாக்சின் என்னும் கொடிய நச்சு உண்டாகும். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது அருகில் நிற்கும் உங்கள் மகன். காலை நேரத்தில் தெருவோரம் சருகோடு கவரையும் சேர்த்துக் கொளுத்துபவர்களைக் கண்டாலும் சொல்லித் தடுத்துவிடுங்கள்.

இப்போது சட்டம். இதில் நான் சற்று நின்று பேச வேண்டும், ஏனென்றால் உங்கள் மகனின் கேள்விக்கு உண்மையான விடை இங்கேதான் இருக்கிறது. 2016-ன் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், மறுசுழற்சி செய்ய முடியாத பல்லடுக்குப் பிளாஸ்டிக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் படிப்படியாக நிறுத்திவிட வேண்டும் என்று தெளிவாகவே எழுதின. அந்த வரியைப் படித்த நாளில் எங்களுக்கு எவ்வளவு மகிழ்ச்சி! இரண்டு ஆண்டுகள் முடிந்த 2018-ல் விதி திருத்தப்பட்டது. மறுசுழற்சி செய்ய முடியாத, அல்லது எரித்து ஆற்றல் பெற முடியாத, அல்லது வேறு எந்தப் பயன்பாடும் இல்லாத பல்லடுக்குப் பிளாஸ்டிக் மட்டும் நிறுத்தப்பட வேண்டும் என்று அது மாறியது. எரித்தால் ஆற்றல் தராத உறை எது? கடையில் தொங்கும் எல்லா உறையும் எரியும். ஆக, எந்த உறையும் நிறுத்தப்பட வேண்டியதில்லை என்று ஆகிவிட்டது. இந்தத் திருத்தம்தான் நம் வெள்ளைப் பையை இவ்வளவு கனமாக்கியது என்பது என் உறுதியான கருத்து.

2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டவை உறிஞ்சுகுழல், பிளாஸ்டிக் கரண்டி, தட்டு, தம்ளர், பலூன் குச்சி, காது குடையும் குச்சி போன்ற பொருள்கள். கர்நாடகம் அதற்கு முன்பே, 2016 மார்ச்சில், பிளாஸ்டிக் தூக்குப்பை உள்ளிட்ட பலவற்றைத் தடை செய்திருந்தது. தடை செய்யப்பட்டது நல்லதே. ஆனால் அந்தப் பட்டியலில் சிப்ஸ் கவரும் இல்லை, ஷாம்பு சாஷேயும் இல்லை. குட்கா, பான் மசாலா போன்றவற்றைப் பிளாஸ்டிக் சாஷேயில் விற்கக் கூடாது என்று 2016 விதிகளிலேயே இருக்கிறது; எந்தப் பெட்டிக்கடை வாசலிலும் நின்று பார்த்தால் அந்த விதியின் நிலை தெரிந்துவிடும்.

2022 பிப்ரவரியில் வந்த உற்பத்தியாளர் பொறுப்பு நெறிமுறைகள் ஒரு முன்னேற்றம்தான். உறையைச் சந்தையில் விடும் நிறுவனம் அதே எடைக்குத் திரும்பப் பெறுவதற்குப் பொறுப்பேற்க வேண்டும். பல்லடுக்கு உறைகளில் 2024-25-ல் 30 சதவீதத்தையும் 2027-28-ல் 60 சதவீதத்தையும் மறுசுழற்சி செய்தாக வேண்டும். இதில் பெரிய ஓட்டை, பணம் செல்லும் பாதை. கணக்கு சான்றிதழ்களால் தீர்க்கப்படுகிறது. சான்றிதழை உருவாக்குவது மறுசுழற்சி ஆலை. ஆயிரம் முறை குனிந்தவரின் கைக்கு அந்தப் பணம் தானாகப் போய்ச் சேர எந்த ஏற்பாடும் இல்லை. 2023-ல் சில ஆலைகள் செய்யாத வேலைக்கு லட்சக்கணக்கில் போலிச் சான்றிதழ்களை உருவாக்கியிருந்ததை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே கண்டுபிடித்தது. நிறுவனங்கள் ஒவ்வொரு கிலோ உறைக்கும் சேகரிப்புக் கூலியைப் பிரிக்கும் மேசைக்கே நேரடியாகச் செலுத்த வேண்டும் என்று விதி வந்தால், சிப்ஸ் கவரும் பால் கவரைப் போலத் தெருவிலிருந்து மறைந்துவிடும். அதோடு, அடுக்குகளை ஒரே இனப் பிளாஸ்டிக்கில் அமைக்கும் உறைகள் ஏற்கெனவே சந்தையில் வந்துவிட்டன. செலவு சற்றுக் கூடும், கெடாமல் இருக்கும் காலம் சற்றுக் குறையலாம். ஒரு பாக்கெட் முறுக்கு ஆறு மாதம் கெடாமல் இருந்தாக வேண்டும் என்று யார் கேட்டார்கள்?

உலக அளவிலும் இதே இழுபறிதான். 2017-ல் வெளியான ஆய்வொன்றின்படி, 2015 வரை உலகில் உண்டான பிளாஸ்டிக் கழிவு ஏறத்தாழ 630 கோடி டன். அதில் மறுசுழற்சி ஆனது 9 சதவீதம். உற்பத்தியையே கட்டுப்படுத்த வேண்டுமா என்ற கேள்வியில் உடன்பாடு எட்டாமல், பிளாஸ்டிக் ஒப்பந்தத்துக்கான பேச்சு 2024-ல் பூசானிலும் 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிலும் முடிவின்றி நின்றது.

அப்படியானால் உங்கள் மூன்று ஆண்டு உழைப்பு எங்கே போயிற்று? பெங்களூரின் பழைய நாள்களை நினைத்துப் பாருங்கள். 2012-ல் மாவள்ளிபுரம் குப்பைக் கிடங்கு மூடப்பட்டபோது தெருமுனைகளில் குப்பை மலையாகக் குவிந்தது. மண்டூர் மக்கள் ஆண்டுக்கணக்கில் நாற்றத்தையும் ஈயையும் கெட்ட நீரையும் தாங்கி, போராடி, 2014 இறுதியில்தான் தங்கள் ஊர்க் கிடங்கை மூட வைத்தார்கள். அந்தக் கிடங்குகளில் விழுந்தது கலந்த குப்பை. சாம்பார் ஊறிய பால் கவரும் டயப்பரும் ஒன்றாகக் கிடந்தால் பால் கவருக்கும் விலை இல்லை. 2015 டிசம்பரில் கர்நாடக உயர்நீதிமன்றம் பச்சைத் தொட்டி, சிவப்புத் தொட்டி, வெள்ளைப் பை என்று பிரிக்கச் சொன்னது அந்த அனுபவத்துக்குப் பிறகுதான். ஹசிரு தளா போன்ற அமைப்புகள் குப்பை பொறுக்குவோருக்கு அடையாள அட்டையும் சென்டர் நடத்தும் உரிமையும் கிடைக்கப் போராடின. நீங்கள் தனியே கொடுத்ததால் உங்கள் பால் கவர் மறுபிறவி எடுத்தது, பாட்டில் நூலாயிற்று, அந்த மேசையில் இருந்த பெண்கள் அழுகிய குப்பைக்குள் கைவிடாமல் வேலை செய்தார்கள். சிப்ஸ் கவர்கூட, உலர்ந்து வந்ததால் சூளைக்குப் போகும் தகுதி பெற்றது. ஏரிக்கும் தென்பெண்ணைக்கும் போகவில்லை. உங்கள் மகனுக்கு இதைச் சொல்லுங்கள்.

கழுவும் விதத்தில் மட்டும் ஒரு மாற்றம் செய்யலாம். 2024 கோடையில் நம் தெருக்களில் போர்வெல் வற்றி, டேங்கர் தண்ணீருக்கு வரிசையில் நின்றதை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். சிப்ஸ் கவரை நல்ல தண்ணீரில் கழுவத் தேவையில்லை. தூளை உதறி, எண்ணெயைப் பழைய காகிதத்தால் துடைத்தால் போதும். பால் கவர், மாவு கவர், எண்ணெய் கவர் ஆகியவற்றைப் பாத்திரம் அலம்பிய தண்ணீரிலேயே அலசி உலர்த்துங்கள். அடுக்கு உறைகளைப் பால் கவரோடு கலக்காமல் ஒரு பழைய கவருக்குள் திணித்துக் கொடுத்தால் மேசையில் ஒருவருக்கு அரைமணி மிச்சமாகும். மாத்திரை அட்டைகளைத் தனியே வையுங்கள்; பி.வி.சி.யும் அலுமினியமும் ஒட்டிய அவை சூளைக்கும் ஆகாதவை. அவற்றைச் சாலைக்கோ சூளைக்கோ போகும் கட்டில் கலக்காமல் இருப்பதே பெரிய உதவி.

வாங்கும் இடத்தில் உங்கள் கைக்குச் சற்று அதிகாரம் உண்டு. காப்பிப் பொடியை வாரத்துக்கு ஒருமுறை அரைக்கும் கடையில் டப்பா கொடுத்து வாங்கினால், மாதக்கணக்கில் மணத்தைக் காக்கும் அலுமினிய உறை தேவைப்படாது. முறுக்கும் மிக்சரும் அப்படியே. ஷாம்பு சாஷேக்குப் பதில் பாட்டில் வாங்க உங்களால் இயலும் என்றால் வாங்குங்கள். இயலாதவரைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

ஒரு சனிக்கிழமை உங்கள் வார்டின் டிரை வேஸ்ட் சென்டருக்கு மகனை அழைத்துச் செல்லுங்கள். முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போனால் காட்டுவார்கள். அங்கே அவன் இரண்டு கவர்களைக் கசக்கி, ஒலியை வைத்து எது எல்.டி., எது எச்.எம். என்று கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்வான். வீடு திரும்பியதும் பால் கவரை வெட்டும் வேலையை அவனிடமே கொடுங்கள்: மூலையை முழுவதும் துண்டித்துவிடாமல், கவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும்படி ஒரு பக்கம் விட்டு வெட்டச் சொல்லுங்கள். துண்டித்த மூலை எந்த மேசையிலும் யார் கைக்கும் அகப்படாது. ஒட்டியிருந்தால் கவரோடு சேர்ந்து அதுவும் நாயண்டஹள்ளி போய்ச் சேரும்.